பழைய வாட்ச், புது முகம்

பிரெஞ்சில் 'ஒக்காஸியோன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, நல்ல சந்தர்ப்பம். இன்னொன்று, ஒருவர் வைத்திருந்து மறுபடி விலைக்கு வரும் பொருள். இணையத்தில் பழைய ஒமேகா, ரோலெக்ஸ் வாட்ச் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது. விற்கிறவர் முதல் பொருளைச் சொல்கிறார். வாங்குகிறவருக்கு இரண்டாவதுதான் வந்து சேர்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஆசை ஏன் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சைகோனிலும் பிரெஞ்சு ராணுவத்திலும் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தாக்களின் கையில் மின்னிய ஸ்விஸ் வாட்ச்சைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அன்று வாங்க முடியாததை இன்று ஓய்வூதியப் பணத்தில் வாங்கிப் பார்ப்போமே என்று தோன்றுவது இயற்கை.

முழுப் போலி என்றால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஆபத்து, பாதி உண்மையான வாட்ச்சில் இருக்கிறது. பெயர் நிஜம், உள்ளே இருக்கும் மிஷினும் நிஜமாக இருக்கலாம். ஆனால் டயலுக்குப் புதிதாக வர்ணம் அடித்திருப்பார்கள். முள் வேறொன்றிலிருந்து வந்திருக்கும். ஓரத்தில் கல் பதித்திருப்பார்கள். அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மேலட்டை சரி, கோப்பு எண் சரி, உள்ளே தாள்கள் மட்டும் மாறியிருக்கும். அந்தக் கோப்பை நம்பிக் கையெழுத்துப் போட முடியுமா?

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருடைய அப்பாவின் ஒமேகா, மூத்த அண்ணனோடு பிரான்சுக்குப் போய்விட்டது. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று பல மாதம் தேடி, நிலுவையாக வந்த 85,000 ரூபாயைக் கொடுத்து இணையத்தில் வாங்கினார். படத்தில் பளபளவென்று இருந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாய் பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது மூணு வாட்ச் சேர்ந்த ஒரு வாட்ச்" என்றார். டயல் மறுபடி அச்சிட்டது, முள் வேறு, சாவியும் வேறு. விற்றவர் போனை எடுப்பதில்லை. நண்பர் பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அப்பா கையில பார்த்த முகம் இது இல்லைங்க" என்று மட்டும் சொன்னார்.

இப்படி மாற்றுவது சட்டப்படி சரியா? 2024 ஜனவரியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன, இரண்டும் ரோலெக்ஸ் தொடுத்த வழக்குகள். ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காகத் தம் வாட்ச்சைக் கொடுத்து மாற்றித் தரச் சொன்னால், அந்த வேலையைச் செய்து தருவது குற்றமில்லை என்றது ஸ்விட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம். மாற்றிய வாட்ச்சை அதே பெயரோடு விற்பனைக்கு வைப்பது வேறு விஷயம் என்றும் பிரித்துச் சொன்னது. அதே மாதம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வைரமும் வேற்றுப் பாகங்களும் சேர்த்து ரோலெக்ஸ் பெயரில் விற்ற டெக்சாஸ் கடை வணிகக்குறி உரிமையை மீறியது என்று முடிவு செய்தது. தனக்காகச் செய்துகொள்வது ஒன்று, அடுத்தவர் தலையில் கட்டுவது வேறொன்று.

வாங்கியவருக்குக் கம்பெனியும் துணை நிற்காது. வேற்றுப் பாகம் பொருத்தினால் ரோலெக்ஸின் உத்தரவாதம் செல்லாது. கல் பதிக்கத் துளை போட்ட கேஸ், பொருந்தாத கண்ணாடி, மாற்றிய சாவி இவற்றால் தண்ணீர் உள்ளே இறங்கி மிஷின் துருப்பிடிக்கும். இன்னொன்றும் உண்டு. இருட்டில் ஒளிர 1960கள் வரை ரேடியம் பூசினார்கள். அந்த டயலைச் சுரண்டினால் கிளம்பும் தூசி உடம்புக்குக் கெடுதல். வீட்டில் வைத்துத் திறந்து பார்க்காதீர்கள்.

அதன் பிறகு வந்தது ட்ரிட்டியம். டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் அதுதான். ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகும். 1970களில் செய்த வாட்ச் என்றால் இன்று பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். 'அசல், எதையும் மாற்றவில்லை' என்று சொல்லும் அந்தக் காலத்து வாட்ச் இரவில் பளிச்சென்று ஒளிர்ந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பணம் கட்டும் முன் பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். 'எந்தெந்தப் பாகம் மாறியிருக்கிறது?' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம். விற்பவரின் பெயர், முகவரியை விற்பனைத் தளங்கள் காட்ட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. முகவரி இல்லாதவருக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே 1930 எண்ணுக்குப் பேசுங்கள். 2022 டிசம்பரிலிருந்து ரோலெக்ஸே பழைய வாட்ச்சைச் சோதித்து, இரண்டு ஆண்டு உத்தரவாதத்தோடு சில அங்கீகாரக் கடைகள் வழியாக விற்கிறது. விலை கூடுதல்தான், ஆனால் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. உங்கள் பீரோவில் அப்பாவுடைய வாட்ச் இருந்தால், டயல் மங்கிவிட்டது என்று புது வர்ணம் அடிக்கக் கொடுக்காதீர்கள். எண்ணெய் போட்டுச் சுத்தம் செய்தால் போதும். மங்கிய அசல் டயலுக்குத்தான் சேகரிப்பவர்களிடமும் மதிப்பு. பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது, கொள்ளுத்தாத்தா மணி பார்த்த அதே முகத்தை அவர்களும் பார்க்கட்டும்.