எட்டரை விழுக்காடு

என் மகனுக்கு எழுத்துகள் பிடிபடவில்லை என்பதை முதலில் கண்டுகொண்டவர், ஹூஸ்டனில் அவனுக்கு ஓதக் கற்றுத்தந்த உஸ்தாத் அவர்கள்தாம். "செவிவழி கேட்ட சூராவைப் பிழையின்றி ஓதுகிறான், குர்ஆனைத் திறந்தால் திணறுகிறான்" என்றார். அவன் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் சொன்னேன். வீட்டில் தமிழ் பேசுவதால் நேரும் தாமதம், பொறுத்திருங்கள் என்றனர். குடியேறியவர்களுக்கே உரிய பணிவோடு மூன்றாண்டுகள் பொறுத்திருந்தேன்.

2016இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் வெளியிட்ட செய்தியைப் படித்தபோதுதான் விளங்கிற்று. மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு குழந்தையையும் தேடிக் கண்டறியும் கடமையை அமெரிக்கச் சட்டம் மாநிலங்களின்மீது சுமத்தியிருக்கிறது. பள்ளி மாவட்டங்களை மாநிலம் கண்காணிக்க வேண்டும்; மாநிலத்தை வாஷிங்டன் கண்காணிக்கும். டெக்சாஸ் 2004இல் வகுத்த கண்காணிப்பு முறையிலோ விந்தையானதோர் அளவுகோல் இருந்தது. சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 விழுக்காட்டுக்கு மேற்படாதிருந்தால் அம்மாவட்டத்திற்கு மிகச் சிறந்த மதிப்பீடு! நாடு முழுவதற்குமான சராசரி ஏறத்தாழ 13. பன்னிரண்டை ஒட்டியிருந்த டெக்சாஸ், பத்தாண்டுகளில் சரியாக எட்டரையை ஒட்டி வந்து நின்றது. நோயாளிகள் குறைந்துவிட்டனர் என்று மருத்துவமனையைப் பாராட்டுவது போன்றது இது. வாயிற்கதவு சாத்தியிருந்ததை எவர் பார்த்தார்?

வாஷிங்டனுக்கு ஆண்டுதோறும் அறிக்கைகள் சென்றுகொண்டுதான் இருந்தன. மறுக்கப்பட்ட குழந்தை அவற்றில் எங்கும் தென்படுவதில்லை. 2016 டிசம்பரில் கூட்டாட்சி அதிகாரிகள் நேரில் வந்து பெற்றோரின் சொல்லைக் கேட்டனர். 2017இல் மாநிலச் சட்டமன்றம் அத்தகைய வரம்பைத் தடைசெய்தது. 2018 ஜனவரியில், டெக்சாஸ் சட்டத்தை மீறியதாகக் கூட்டாட்சிக் கல்வித்துறை அறிவித்தது.

மகனின் ஆசிரியைமீது எனக்குச் சினமில்லை; அந்த எண்ணை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ. வருத்தம் என்மீதுதான். பிள்ளைகள் அமானிதம் என்று பயான்களில் கேட்டுத் தலையாட்டியவள், பள்ளியில் வாய்ச்சொல்லோடு நின்றுவிட்டேன். எழுத்து மூலம் மதிப்பீடு கோரினால் 15 பள்ளி நாள்களுக்குள் பதில் தந்தாக வேண்டும் என்பது இம்மாநில விதி. மூன்றே வரியில் மடல் எழுதி, தேதியிட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு கொடுத்தேன். வாசிப்பில் கற்றல் குறைபாடு உண்டு என மதிப்பீடு வந்தபோது அவன் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தான்.

அல்ஹம்துலில்லாஹ், இன்று மெதுவாகவேனும் தானாக வாசிக்கிறான். இந்நகருக்குப் புதிதாக வரும் சகோதரிகள் பிள்ளையைப் பற்றிக் கவலையோடு கேட்கும்போது, அந்த மடலின் நகலைத்தான் முதலில் எடுத்துத் தருகிறேன்.