மூல ஒழுங்கு

14 அக்டோபர் 2025

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் இன்றுடன் முடித்துக்கொள்கிறது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்பு அமைப்பையும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்பதால், நான்காம் தலைமுறைச் செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட மகனின் மேசைக் கணினி, பெரிய பழுது ஏதும் இல்லாமலேயே காலாவதியானவற்றின் வரிசையில் சேர்ந்துவிட்டது. மகன் மேற்படிப்புக்காக மியூனிக் சென்று பதினெட்டு நாள் ஆகிறது. கணினியை எடைக்குப் போடுவதா என்ற பேச்சு எழுந்தபோது, அதைக் கோப்பு வழங்கியாக மாற்றலாம் என்று முடிவாயிற்று. கோப்பு வழங்கி, அதாவது வழக்கில் சர்வர் என்பது, வீட்டின் படங்களையும் பாடல்களையும் காணொளிகளையும் ஓரிடத்தில் வைத்து, தொலைக்காட்சி, கைபேசி, மடிக்கணினி ஆகியவை கேட்கும்போது வலைப்பின்னல் வழியே எடுத்துக் கொடுப்பது. நூலகத்தில் நூல் எடுத்துத் தரும் பணியும் இதுவே. அதற்கு வேகமான செயலி தேவையில்லை, நம்பத்தக்க வட்டு இருந்தால் போதும்.

20 அக்டோபர்

தீபாவளி. கணினி திறக்கப்படவில்லை.

23 அக்டோபர்

ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். எத்தனை மணி நேரம் இயங்கியது, எத்தனை பகுதிகள் கெட்டுப்போய் மாற்றப்பட்டன, எத்தனை பகுதிகள் படிக்கமுடியாமல் ஐயத்தில் கிடக்கின்றன என்பன அதில் எண்களாக இருக்கும். மகனின் 500 ஜிபி வட்டில் ஐயத்துக்குரிய பகுதிகள் எட்டு. புதிதாக எதையும் அதில் எழுதக்கூடாது என்பதற்கு அந்த எட்டே போதுமான எச்சரிக்கை.

இயங்கிய நேரம் 21,940 மணி. இருபத்து நான்கால் வகுத்தால் 914 நாள். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. அந்த மணிகளில் எத்தனை இரவுகள் அடங்கும் என்பதும், கணினியை அணைக்கச் சொல்லி அந்த அறையின் கதவு எத்தனை முறை தட்டப்பட்டது என்பதும் ஸ்மார்ட் அட்டவணையில் இல்லை.

26 அக்டோபர்

ஜி.என்.யு. டிடிரெஸ்க்யூ என்னும் கருவி, கெட்டுவரும் வட்டிலிருந்து முதலில் நல்ல பகுதிகளைப் படியெடுத்துவிட்டு, படிக்கமுடியாத இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டு, பின்னர் அவ்விடங்களுக்கு மட்டும் திரும்பி வந்து மீண்டும் மீண்டும் முயல்கிறது. புதிய 2 டிபி வட்டுக்குப் படி எடுத்து முடிக்க 18 மணி நேரம் ஆயிற்று. எட்டுப் பகுதிகளும் மீண்டன. வீட்டில் அன்று பாயசம் வைக்கப்பட்டது. காரணம் கேட்ட துணைவியாருக்கு விளக்கம் சொல்லப்பட்டபோது அவர் கவனமாகக் கேட்டார்.

1 நவம்பர்

டெபியன் நிறுவப்பட்டது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கி, தன்னார்வலர்கள் இன்றுவரை பேணிவரும், லினக்ஸ் வகையைச் சேர்ந்த கட்டற்ற இயங்குதளம் இது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் மொழி எஸ்.எம்.பி.; அந்த மொழியை மற்ற இயங்குதளங்களும் பேசுமாறு ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991–92இல், வலைப்பின்னலில் செல்லும் தரவுகளைக் கவனித்தே எழுதத் தொடங்கிய மென்பொருள் சாம்பா. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடி அவர் இப்பெயரைக் கண்டெடுத்தார்.

மாலை முழுவதும் வழங்கி கடவுச்சொல்லை ஏற்கவில்லை. சரியான சொல் ஏழு முறை மறுக்கப்பட்டபோது இந்த வேலையையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. கணினியின் பயனர் கடவுச்சொல் வேறு, சாம்பாவுக்குத் தனியே பதிவு செய்யவேண்டிய கடவுச்சொல் வேறு என்பது இரவு பத்தரை மணிக்குத்தான் விளங்கிற்று.

9 நவம்பர்

தமிழில் பெயரிட்ட கோப்புகள் சில, மீட்ட படியிலிருந்து டெபியனின் கோப்பு முறைக்கு மாற்றும்போது ஏற மறுத்தன. விண்டோஸின் கோப்பு முறை ஒரு பெயருக்கு 255 எழுத்தலகுகளை அனுமதிக்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையோ 255 பைட்டுகளை அனுமதிக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், யூ.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘நூலகம்’ என்ற சொல்லில் ஊகாரக் குறி, புள்ளி உட்பட ஆறு குறிகள். ஆக 18 பைட். எனவே தமிழ்ப் பெயர் 85 குறிகளுக்குள் அடங்கவேண்டும். பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்கு மகன் நடிகர் பெயர்கள் அனைத்தையும் சேர்த்துச் சூட்டியிருந்த பெயரை வெட்ட நேர்ந்தது. வெட்டப்பட்ட பெயர்கள் ஒரு தனி உரைக்கோப்பில் எழுதி அருகில் வைக்கப்பட்டுள்ளன.

இதைவிட நுட்பமான சிக்கல் ‘கொடைக்கானல்’ என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ‘கொ’ என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய ஆப்பிள் கணினிகளின் கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமிக்கும். உறவினர் ஒருவரின் ஆப்பிள் கணினியிலிருந்து வந்தது ஒன்று, மகன் தட்டெழுதியது மற்றொன்று. லினக்ஸுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். தமிழில் பெயரிட்டுச் சேமிப்போர் அனைவரும் இதை அறிந்திருக்கவேண்டும். இல்லையேல் தேடல் பாதியைக் கண்டு பாதியை விட்டுவிடும்.

10 நவம்பர்

தொலைக்காட்சியில் படம் ஓடியது.

30 நவம்பர்

அளவியைச் செருகிப் பார்த்ததில் கணினி எடுப்பது 42 வாட். நாளொன்றுக்கு 1 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 60 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கட்டணமின்றிக் கிடைப்பதே 100 யூனிட்தான். இரவில் நிறுத்திவைக்கலாமே என்று துணைவியார் கேட்டது நியாயமான கேள்வி. இங்கு இரவு பதினொன்று என்றால் மியூனிக்கில் மாலை ஆறரை, மகன் பார்க்க விரும்பக்கூடும் என்று பதில் சொல்லப்பட்டது. உண்மையில் இணையச் சேவையாளர் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரியைப் பகிர்ந்தளிப்பதால், வெளியிலிருந்து இந்த வழங்கியை நேரடியாக அடையும் வழி இன்னும் அமையவில்லை. கணினி இரவும் ஓடுகிறது.

14 டிசம்பர்

முப்பத்தொரு ஆண்டு நூலகராக இருந்த இக்குறிப்பாளரின் முதல் எண்ணம், மகனின் கோப்புகளைப் பொருள்வாரியாகப் பகுத்தல். ‘புதுசு’, ‘புதுசு2’, ‘அப்புறம்’ போன்ற கோப்புறைப் பெயர்களை எந்தப் பகுப்பு முறையும் ஏற்காது. பாடல், படம், பாடக்குறிப்பு என்று மூன்று பெரும் பிரிவுகள் வகுக்கப்பட்டு, வேலையும் தொடங்கியது.

‘அப்புறம்’ என்ற கோப்புறையில் வேலை நின்றது. நுழைவுத்தேர்வு வினாத்தாள் ஒன்று, நகைச்சுவைக் காட்சிகள் நான்கு, துணைவியாரின் அறுவைச் சிகிச்சைக்குப் பின் எழுதித் தரப்பட்ட மருந்துச் சீட்டின் ஒளிப்படம், மருந்து வேளைகளின் பட்டியல்: எல்லாம் 2019 ஜூனில் ஒரே வாரத்தவை. இப்படி ஒரு பட்டியல் இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. பொருள்வாரியாகப் பிரித்தால் இவை வெவ்வேறு இடங்களுக்குச் செல்லும். அந்த வாரம் எங்கும் இருக்காது.

நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்குதான் இருக்கிறது. நூலகம் வாசகரின் தேடலுக்கு ஏற்ப அடுக்குகிறது. காப்பகம், ஆவணங்களை உருவாக்கியவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையைக் காக்கிறது. மூல ஒழுங்கு எனப்படும் இக்கொள்கையை முல்லர், ஃபெய்த், ஃபிரைன் என்ற நெதர்லாந்துக் காப்பாளர் மூவர் 1898இல் வெளியிட்ட கையேடு நிலைநிறுத்தியது. பணிக்காலம் முழுதும் அறிந்திருந்த கொள்கைதான்.

இரவு தொலைபேசியில் ‘அப்புறம்’ பற்றிக் கேட்டபோது மகன் சற்று நேரம் பேசவில்லை. “அது அப்படியே இருக்கட்டும்ப்பா” என்றான். மூன்று பிரிவுகளும் கலைக்கப்பட்டு, எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பின. தேடலுக்கு வேண்டிய பொருளடைவு தனிக்கோப்பாக எழுதப்படும்.

14 ஜனவரி 2026

போகி. பழைய வட்டு எறியப்படவில்லை.

8 பிப்ரவரி

ஒரே வட்டில் உள்ளதைக் காப்பு என்று சொல்லலாகாது. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது துறையினர் வகுத்த நெறி. வெளியூர்ப் படி இன்னும் எடுக்கப்படவில்லை. பொருளடைவு ‘ப’ வரிசையில் நிற்கிறது. புதிய வட்டு 2,500 மணி நேரத்தைக் கடந்துவிட்டது. பழைய வட்டு மகனின் மேசை இழுப்பறையில், உறையின் மேல் எண் எழுதப்பட்டு இருக்கிறது: 21,958.