சப்பான்காரன் மீன்

போன மாதம் பாசாரில் சிவப்புத் திலாப்பியா நாலு வாங்கினேன். இரண்டை ஃப்ரீசரில் போட்டுவிட்டு, இரண்டை நானே குழம்பு வைத்தேன். 86 வயதுப் பாட்டி தட்டைப் பார்த்ததும் தள்ளிவிட்டார்.

“இது சப்பான்காரன் மீன்யா. நான் தின்ன வேண்டியதெல்லாம் அப்பவே தின்னுட்டேன்.”

பாட்டியின் அப்பா சயாம் ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. சண்டை முடிந்தும் பசி முடியவில்லை. எஸ்டேட் குட்டையில் பிள்ளைகள் துணியை விரித்துப் பிடித்த மீன் இதுதான். “விரல் நீளந்தான் இருக்கும். வாயெல்லாம் முள்ளு.”

மலாய்க்காரர்களும் இதை ‘இகான் ஜெப்புன்’ என்பார்கள். ஆனால் ஊர் ஜப்பான் இல்லை, ஆப்பிரிக்கா. மொசாம்பிக் திலாப்பியா 1930களின் இறுதியில் ஜாவாவில் அகப்பட்டது. அங்கிருந்து ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு 1952-இல் போனது. அங்கே அதற்கு ஜிலேபி கெண்டை என்று பெயர்.

பாட்டி சொன்ன ‘விரல் நீளம்’தான் இந்த மீனின் தொல்லை. இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். தாய் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காப்பதால் நிறையவே பிழைக்கும். குளம் நிரம்பும், தீனி போதாது, எதுவும் பெரிசாகாது. மற்ற மீன்களுக்கும் இடம் இல்லை. உலகின் மிக மோசமான 100 ஊடுருவி இனங்களில் இதுவும் ஒன்று.

1960 வாக்கில் மலாக்காவில் ஹிக்லிங் என்ற ஆய்வாளர் இரண்டு வகைத் திலாப்பியாவைக் கலந்தார். பிறந்தவை எல்லாம் ஆண். பெருக்கம் நின்றால் மீன் வளரும். கோளாறு எங்கே என்று பார்த்து அங்கேயே கை வைத்த வேலை. இஞ்சினியரான எனக்கு அது பிடித்திருக்கிறது. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டம், எகிப்து, கானா, கென்யா, செனகலிலிருந்து நைல் திலாப்பியாவைக் கொண்டுவந்து சீக்கிரம் வளரும் ரகத்தை உருவாக்கியது. அதை நடத்திய நிறுவனம்தான் இன்றைய வேர்ல்டுஃபிஷ். 2000-இல் பினாங்குக்கு வந்தது, பத்து மாவுங்கில் இருக்கிறது. நான் தினமும் வேலைக்குப் போகும் பக்கம்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த நைல் திலாப்பியா தென்னாப்பிரிக்க ஆறுகளில் புகுந்து மொசாம்பிக் மீனோடு கலக்கிறது. உலகத்துக்கே தொல்லையான மீன் சொந்த ஆற்றில் அழியும் ஆபத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். “இது பண்ணையில வளர்ந்த கலப்பு மீன் பாட்டி. அது வேற, இது வேற.” பாட்டி ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டார்.

கெலுகோரில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கால்வாய் ஓடுகிறது. தண்ணீர் கறுப்பு. அதிலும் திலாப்பியா கூட்டமாகத் திரியும். மறுநாள் சாயங்காலம் ஒரு வங்காளதேசத் தொழிலாளி அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பையில் ஏழெட்டு மீன். தண்ணீர் அழுக்கு, சாப்பிடாதீர்கள் என்று மலாயில் சொன்னேன். அவர் சிரித்தார். தெரியும் என்றார். தூண்டிலை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாநகராண்மைக் கழகத்துக்குப் புகார் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே பாட்டியிடம் சொன்னேன்.

“தெரிஞ்சுதான் பிடிக்கிறான். எங்களுக்குத் தெரியாதா அந்தக் குட்டைத் தண்ணி எப்படின்னு?” என்றார். பிறகு, “ஃப்ரீசர்ல ரெண்டு மீன் கிடக்குதுல்ல? அத கொண்டு போய் குடுத்துட்டு வாய்யா.”

கொடுத்துவிட்டு வந்தேன். புகார் எழுதவில்லை.