ஃபிரேமுக்குக் கட்டுப்பட்ட துப்பாக்கி

துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்களில் ஒரே ஆயுதத்தை ஏந்தி இருவர் மோதும்போது, கையின் சாமர்த்தியத்தோடு அவரவர் வாங்கிய கம்ப்யூட்டரின் விலையும் சில சமயம் வெற்றியை நிர்ணயிக்கிறது என்பதை நண்பர்கள் சற்றே கவனிக்க வேண்டும்.

நிமிஷத்துக்கு 800 குண்டுகள் சுடும் துப்பாக்கி என்றால், ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 75 மில்லி விநாடி. திரையில் புதிய சித்திரம் (ஃபிரேம்) எழும் கணத்தில் மட்டுமே குண்டு புறப்படலாம் என்று புரோகிராம் விதித்து, மிஞ்சிய நேரத்தை அடுத்த குண்டின் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுமானால், விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற யந்திரத்தில் அத்துப்பாக்கி ஒவ்வொரு குண்டுக்கும் ஐந்து ஃபிரேம் காத்திருந்து, நிமிஷத்துக்கு 720 குண்டுகளே சுடும்; 30 ஃபிரேமுக்கு மேல் ஓட முடியாத எளிய யந்திரத்திலோ 600 தான்! வசதி குறைந்த பிள்ளைக்கு இது எத்தனை பெரிய அநியாயம்!

குண்டுக்கு மாத்திரம் நேர்வதன்று இது. 1999-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட குவேக் 3 அரீனா என்ற கேமில், வேகத்தை ஃபிரேம்தோறும் முழு எண்ணாக்கும் ஏற்பாட்டினால், விநாடிக்கு 125 ஃபிரேம் ஓடும்போது புவியீர்ப்பு மேலெழும் வேகத்தை ஃபிரேமுக்கு 6.4 குறைக்க வேண்டிய இடத்தில் 6 மட்டுமே குறைக்க, ஆட்டக்காரர்கள் அதிக உயரம் குதித்தார்கள். அந்த 125-ஐயே விரும்பி வைத்துக்கொண்டார்கள்.

பரிகாரம் கடினமன்று. மிச்ச நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டு, ஆட்டத்தின் கடிகாரத்தைத் திரையின் வேகத்திலிருந்து பிரித்து வைத்தால் போதும். கேம் படைக்கும் இளைஞர்கள் இதை ஆரம்பத்திலேயே செய்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.