கீபோர்டு செத்த கதை

மதுரைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஓடிப்போச்சு. மகள் பத்தாம் வகுப்பு. இங்கே அரசுப் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் பாடம் எல்லாம் லினக்ஸ்தான். 2001இல் ஐடி அட் ஸ்கூல் என்று ஆரம்பித்த திட்டம், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாகவே ஆகிவிட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்ததும் இதே ஊரில்தான். பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் லினக்ஸில்தான் என்பதால் வீட்டுப் பொட்டியிலும் அதையே போட்டு வைத்திருக்கிறோம்.

தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது பொட்டி படுத்துக்கொண்டது. பக்கத்துக் கடையில் கொடுத்துப் புது வெர்ஷன் போட்டு வாங்கி வந்திருந்தோம். லாகின் திரை அழகாக வருகிறது. ஆனால் மௌஸ் அம்பு நட்டநடுவில் சிலை மாதிரி நிற்கிறது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் சத்தமே இல்லை, கேப்ஸ் லாக் விளக்குகூட எரியவில்லை. கடைக்காரருக்கு போன் போட்டால், "கீபோர்டும் மௌஸும் போயி சாரே, புதுசு வாங்கணும்" என்கிறார்.

அது எப்படி ரெண்டும் ஒரே நாளில் போகும்? எங்கள் தொழிலில் ரெண்டு கவுண்டரில் ஒரே நாளில் ஒரே தொகை குறைந்தால் கேஷியர்களைச் சந்தேகப்பட மாட்டோம். ரெண்டுக்கும் பொதுவாக மேலே ஒரு என்ட்ரி தப்பாக இருக்கும், அதைத்தான் தேடுவோம்.

பி.காம் படித்தவனுக்கு யூனிக்ஸ் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2002இல் நான் வேலைக்குச் சேர்ந்த கிளையில் ஸ்கோ யூனிக்ஸ்தான் ஓடியது. உள் அறையில் ஒரு சர்வர், கவுண்டருக்கு ஒரு டெர்மினல், மௌஸ் என்ற ஜந்துவே கிடையாது. ஒருநாள் கூட்டம் நெரிகிற நேரத்தில் ஒரு டெர்மினல் உறைந்துவிட்டது. கேஷியர் அக்கா கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். சீனியர் ஒருவர் வந்தார், கண்ட்ரோலையும் க்யூவையும் சேர்த்து அழுத்தினார், அவ்வளவுதான், திரை ஓட ஆரம்பித்துவிட்டது. கை தவறி கண்ட்ரோலும் எஸ்ஸும் சேர்ந்து அழுந்தினால் யூனிக்ஸ் டெர்மினல் வெளியீட்டை நிறுத்தி வைத்துக்கொள்ளும். க்யூ அழுத்தினால் விட்டுவிடும். இன்றைய லினக்ஸ் டெர்மினல் ஜன்னலிலும் இது அப்படியேதான் (சோதித்துப் பாருங்கள், பயப்பட வேண்டாம் :-)). பார்ப்பதற்குக் கீபோர்டு செத்த மாதிரி இருக்கும், ஆனால் கீபோர்டில் ஒரு கோளாறும் இருக்காது.

அந்தப் பாடம்தான் இப்போதும் கைகொடுத்தது. நாம் தட்டுகிற எழுத்து ஒவ்வொரு மேஜையாக நகர்கிற வவுச்சர் மாதிரி. முதலில் கெர்னல், பிறகு எக்ஸ் சர்வரின் இன்புட் டிரைவர், அதற்கப்புறம் எந்தக் கட்டைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் லேஅவுட், கடைசியில்தான் திரை. எந்த மேஜையில் நின்றது என்று பார்த்தால் போதும்.

பொட்டியை அணைத்துப் போட்டேன். கிரப் மெனு வந்ததும் அம்புக்குறியைத் தட்டினால் நகர்கிறது! ஆக, கீபோர்டு பிழைத்திருக்கிறது, கடைக்காரருக்கு நாமம். ரெக்கவரி மோடில் கறுப்புத் திரைக்குப் போனால் அங்கேயும் எழுத்து விழுகிறது. கெர்னலும் நலம். மிச்சம் எக்ஸ் சர்வர்தான். அதன் லாக் கோப்பைத் திறந்து, இரண்டு 'ஈ' போட்ட வரிகளை மட்டும் தேடினேன். லிப்இன்புட் என்ற மாட்யூலை ஏற்ற முடியவில்லை, அப்படி ஒன்றே இல்லை என்று எழுதியிருந்தது. வெர்ஷன் மாற்றிய கையோடு, தேவையில்லாத பொதிகள் என்று கடையில் துடைத்தெறிந்ததில் இதுவும் போயிருக்கிறது. கீபோர்டு, மௌஸ் இரண்டுக்கும் அதே ஒரு டிரைவர்தான். நெட் கேபிளைச் செருகி, ரெக்கவரி மெனுவிலேயே நெட்வொர்க்கை இயக்கி, அந்தப் பொதியை மறுபடி போட்டு ரீபூட் செய்தேன். அம்பு துள்ளி ஓடியது. தேர்வும் நல்லபடியாக முடிந்தது, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்தது. எல்லாக் கட்டையும் வேலை செய்கிறதா என்று பார்க்க மகளைத் தட்டச் சொன்னேன். மலையாளத்தில் கடகடவென்று அடிக்கிறாள், கீபோர்டைப் பார்க்காமல்! பள்ளியில் இன்ஸ்கிரிப்ட் முறையில் பழக்கியிருக்கிறார்கள். தமிழோ, பேசுவாள், கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், எழுதச் சொன்னால் மட்டும் பேனாவைக் கடிப்பாள். வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இந்த வலி தெரியும். அவளிடமிருந்து தமிழில் ஒரு கடுதாசி வராதா என்று ஊரில் என் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இன்ஸ்கிரிப்ட் 1980களில் மத்திய அரசின் மின்னணுத் துறை கொண்டுவந்த முறை. இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அமைப்பு. மலையாள 'க' இருக்கும் கட்டையில்தான் தமிழ் 'க'வும், ஏன், 'ழ'கூட அதே கட்டையில்தான். நான் தமிழ்99 கட்சி. ஆனால் அதைப் புதிதாகப் பழக வேண்டும். அதில் புள்ளி தானாக விழ ஐபஸ் போல ஒரு உள்ளீட்டு மென்பொருளும் வேண்டும். இன்ஸ்கிரிப்டுக்கு வெறும் லேஅவுட் போதும். அமைப்புகளில் போய்த் தமிழ் இன்ஸ்கிரிப்டைச் சேர்த்துவிட்டு, "மலையாளம் அடிக்கிற மாதிரியே அடி, அப்பத்தாவுக்கு" என்றேன்.

திரையில் வந்தது: அந்புள்ள அப்பத்தாவுக்கு.

மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே 'ந'தான் எழுத்து. ஷிப்ட் அழுத்தினால் 'ன' வரும் என்று காட்டினேன். அடுத்த வரியில் நின்றுவிட்டாள்.

"அப்பா, இந்தக் கட்டையில எழுத்து வரலை. மறுபடியும் டிரைவர் போச்சா?"

என்ன அடிக்கிறாய் என்று கேட்டால், தோசை. மலையாளத்தில் தோசைக்கு மெல்லொலி எழுத்து, அதற்குத் தனிக் கட்டை. தமிழில் அந்த இடம் காலி. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே 'த'தான், இடம் பார்த்து நாக்கு மாற்றிக்கொள்ளும் என்றேன். "அப்போ எப்படித்தான் படிக்கிறது?" என்றாள். அதற்கு எக்ஸ் சர்வர் லாகில் பதில் இல்லை :-)

ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு வரி. அச்செடுத்துத் தபாலில் போட்டோம். நாலாம் நாள் போன் வந்தது. "ஏத்தா, இன்னும் பெரிய எழுத்தாப் போட்டு அனுப்புத்தா, கண்ணாடி போட்டும் தெரியலை." அடுத்த கடுதாசி 20 புள்ளி அளவில் தயாராகிறது. ஷிப்ட் அழுத்த மட்டும் இன்னும் மறக்கிறாள்.