குரல் நுழையும் இடம்

ராக் பேண்டுகளை ரெக்கார்ட் செய்து மிக்ஸ் பண்ணிக் கொடுப்பது என் தொழில். முதல் நாள் பேச்சில் பேண்டுகள் தங்களுக்குப் பிடித்த ஆல்பங்களை உதாரணமாகக் கொண்டுவருவது வழக்கம். அப்படி வருகிற ஆல்பங்களில் கிரெட்டா வேன் ஃப்ளீட்டின் 'ஆந்தம் ஆஃப் த பீஸ்ஃபுல் ஆர்மி' அளவுக்கு இரண்டு விதமாகவும் பேசப்படுகிற இன்னொன்றை நான் பார்த்ததில்லை. "இந்த டிரம் சவுண்ட் வேணும்ண்ணா" என்பார் கிட்டார் வாசிப்பவர். "எங்களை யாரும் இவங்களை மாதிரி சொல்லிடக் கூடாதுண்ணா" என்பார் அதே பேண்டின் பாடகர். இருவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. இந்த ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் சொல்லும் கருத்துகளை நான் பொழுதுபோக்காகக் கேட்பதில்லை. அவற்றில் என் வேலைக்கான பாடம் இருக்கிறது.

அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஃபிராங்கன்மூத் என்ற சிற்றூரைச் சேர்ந்த நான்கு பேர் இவர்கள். ஜாஷ், ஜேக் இருவரும் இரட்டையர்கள். ஜாஷ் பாடுகிறார், ஜேக் கிட்டார். தம்பி சாம் பேஸும் கீபோர்டும் வாசிக்கிறார். டிரம்ஸில் நண்பர் டேனி வாக்னர். இந்த முதல் முழு ஆல்பம் 2018 அக்டோபர் 19 அன்று வந்து, அமெரிக்க பில்போர்ட் 200 பட்டியலில் 3ஆம் இடம் வரை ஏறியது. அதே வாரங்களில் 'பிட்ச்ஃபோர்க்' விமர்சனம் அதற்குப் பத்துக்கு 1.6 மதிப்பெண் கொடுத்தது. சில மாதங்கள் கழித்து, 2019 பிப்ரவரியில், இவர்களுடைய முந்தைய வெளியீடான 'ஃப்ரம் த ஃபயர்ஸ்' சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. ஒரே பேண்டை ஒரே பருவத்தில் ஒரு பக்கம் தலையில் தூக்கி வைத்தார்கள், மறுபக்கம் தரையில் போட்டு மிதித்தார்கள்.

மிதித்தவர்கள் சொன்ன குற்றம் ஒன்றுதான்: இது லெட் செப்பலினின் ஈயடிச்சான் காப்பி. தூக்கியவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான், குரலின் தொனி மட்டும் வேறு: அந்தக் காலத்து ராக் திரும்பி வந்துவிட்டது. செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்டே 2018இல் ஒரு பேட்டியில் இவர்களைத் தங்களுடைய முதல் ஆல்பத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். இந்த இரண்டு கூச்சலுக்கும் நடுவே, அதிகம் கவனிக்கப்படாத மூன்றாவது கருத்து ஒன்றை நான் அடிக்கடி கேட்கிறேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா மறுபடி போடத் தோணல." ஒலிப்பதிவாளனாக எனக்கு இதுதான் மூன்றிலும் கனமான கருத்து. காப்பி, காப்பி இல்லை என்ற சண்டை இதைக் காதில் விழவிடாமல் செய்துவிட்டது.

முதலில் அந்தக் காப்பி விஷயத்தைப் பார்த்துவிடலாம்.

ஸ்டூடியோவுக்கு வரும் இளைஞர்களுக்கு இந்த ஆல்பத்தில் உள்ள 'வென் த கர்ட்டன் ஃபால்ஸ்' பாட்டின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டி, குரல் வருவதற்கு முன் நிறுத்திவிடுவேன். யார் மாதிரி இருக்கிறது என்று கேட்டால் ஏரோஸ்மித் என்பார் ஒருவர், ஃப்ரீ என்பார் இன்னொருவர், ஏசி/டிசி பெயரும் வரும். எழுபதுகளின் ராக்கில் பொதுச்சொத்தாகக் கிடக்கும் ரிஃப் அது. பிறகு நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிடுவேன். ஜாஷ் வாயைத் திறந்ததும் அறையில் ஒரே பெயர்தான் வரும். அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டால் கிட்டாரும் செப்பலின் மாதிரிதான் கேட்கிறது என்கிறார்கள்! கிட்டார் மாறவில்லை. குரல் நுழைந்து மற்ற எல்லா வாத்தியங்களுக்கும் தன் அடையாளத்தைப் பூசிவிட்டுப் போய்விட்டது.

இதற்குக் காரணம் நம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. மனிதக் காது கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். மேல்ஸ்தாயியில் தொண்டையை இறுக்கி உரக்கப் பாடும் ஆண் குரலின் பளபளப்பு அந்தப் பகுதியில் வந்து உட்காருகிறது. பிளான்டின் குரலும் ஜாஷின் குரலும் அங்கே ஒரே மாதிரி மின்னுகின்றன. ஸ்வரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறிப் பிடிக்கும் பழக்கமும் இருவருக்கும் உண்டு. ஆம்பை மாற்றலாம், டிரம்மை மாற்றலாம். தொண்டையை மாற்ற எந்த ஸ்டூடியோவிலும் வழியில்லை.

ஆனால் அந்தத் தொண்டையைச் சுற்றி நாம் எதைக் கட்டுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. இப்படி உச்சத்தில் பாடும் ஒரு பையன் என்னிடம் பாட வந்தார். பேண்டுக்காரர்கள் குரலில் நீளமான எக்கோ வேண்டும் என்றார்கள். போட்டதும் கேட்டவர்கள் எல்லோரும் பிளான்ட் பெயரைச் சொன்னார்கள். எக்கோவை முழுதாக எடுத்தேன். பாடகரை மைக்குக்கு ஒரு சாண் தூரத்துக்கு வரவழைத்து, அதே வரிகளைப் பாதி சத்தத்தில் பாடச் சொன்னேன். உதடு பிரியும் ஓசையும், மூச்சு இழுக்கும் ஓசையும், வார்த்தை முடிவில் கொஞ்சம் கரகரப்பும் விழுந்தன. அதே தொண்டைதான், ஆனால் இப்போது ஒரு மேடையின் கோடியிலிருந்து கூவும் குரலாக இல்லை, எதிரே உட்கார்ந்து பேசும் ஆளாகிவிட்டார். பிளான்ட் பெயர் வருவது குறைந்தது. ரசிகர் 'குரல்' என்று சொல்வதில் பாதி குரல், மீதி அந்தக் குரலைச் சுற்றியுள்ள காற்று.

டிரம்ஸுக்கு இது இன்னும் பொருந்தும். பழைய டிரம் சவுண்ட் கேட்டு வருபவர்கள் பழைய டிரம்மையோ, டேப்பைப் போல ஒலிக்க வைக்கும் பிளக்-இன்னையோ தேடுகிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் 1971இல் வந்த செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டின் டிரம்ஸ். இங்கிலாந்தின் ஹாம்ப்ஷர் பகுதியில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தின் மாடிப்படி ஹாலில் ஜான் பான்ஹம் உட்கார்ந்து வாசிக்க, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு பேயர் எம்160 மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிந்தது அது. ஒலி ஒரு மீட்டர் போக மூன்று மில்லிசெகண்டு எடுக்கிறது. டிரம்மிலிருந்து நேராக வரும் அடிக்கும், சுவர்களில் பட்டுத் திரும்பும் அடிக்கும் இடையே விழும் அந்தச் சின்ன தாமதம்தான் கட்டடத்தின் உயரத்தை நம் காதுக்குச் சொல்கிறது. கம்ப்ரஸரில் அந்த ஒலியை நசுக்கினால் அடியின் வால் வீங்கி, அறை மூச்சு விடுவதுபோலக் கேட்கும். ஸ்னேரின் தோலோடு மைக்கை ஒட்டிவைத்துப் பதிந்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் அறையைச் சேர்த்தால் அது வருவதில்லை. 'ஆந்தம்' ஆல்பத்தில் ஸ்னேருக்குப் பின்னால் நிஜ அறை ஒன்று கேட்கிறது. அதற்காகவே அந்த ஆல்பத்தை மதிக்கிறேன். கிட்டார்காரர் அதைக் கேட்டு வருவதில் தவறே இல்லை.

பழைய ராக்கை வழிபடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். செப்பலினின் முதல் ஆல்பம் 1969இல் வந்தபோது, 'ரோலிங் ஸ்டோன்' விமர்சனம் சொன்னதும் இதே பாணிக் குற்றச்சாட்டுதான்: ஜெஃப் பெக் குழு ஏற்கெனவே செய்ததைத் தாண்டி இதில் பெரிதாக ஒன்றுமில்லை என்றது. 'யூ ஷுக் மீ' என்ற பழைய ப்ளூஸ் பாட்டு இரண்டு குழுக்களின் ஆல்பத்திலும் இருந்தது. அதோடு நிற்கவில்லை. செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடுத்தார், நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது, இப்போது அவர் பெயரும் சேர்த்தே போடப்படுகிறது. செப்பலின் பாடிய 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' முன்பே ஜேக் ஹோம்ஸ் 1967இல் பாடி வெளியிட்டது. 'வென் த லெவி பிரேக்ஸ்' மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிந்தது.

ஆக, மெட்டையும் வரியையும் எடுத்தது செப்பலின். கிரெட்டா எடுத்தது ஒலியை. சட்டத்தின் கண்ணில் முதலாவதுதான் குற்றம். ரசிகரின் காதிலோ இரண்டாவதுதான் உறைக்கிறது. 1988இல் கிங்டம் கம் என்ற பேண்டுக்கும் இதே கதிதான், 'கிங்டம் குளோன்' என்றே கேலிப்பெயர் ஒட்டிக்கொண்டது. இதை வைத்து ரசிகர்களை அநியாயக்காரர்கள் என்று சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1929இன் பாட்டு இரண்டு கிட்டார்களோடு ஒருவர் பாடியது. அது பான்ஹமின் படிக்கட்டு வழியாக வெளியே வரும்போது ஏழு நிமிட வெள்ளமாகிவிட்டது. எடுத்த பொருள் கைமாறியதில் வேறு பொருளாகிவிட்டது. செப்பலினின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜ் ஒரே கடையில் சாமான் வாங்கவும் இல்லை. முதல் ஆல்பத்தில் 'பிளாக் மவுன்டன் சைட்' என்று இரண்டே நிமிட கிட்டார் இசை ஒன்று இருக்கிறது. பெர்ட் ஜான்ஷ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நாட்டுப்பாடலுக்கு வாசித்த முறையிலிருந்து வந்தது, பக்கத்தில் விராம் ஜசானி தபலா வாசிக்கிறார். ப்ளூஸ், பிரிட்டிஷ் நாட்டுப்பாடல், தபலா என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. இவை ஒன்றோடொன்று உரசியதில் பிறந்த ஒலியைத்தான் இன்று நாம் செப்பலின் சவுண்ட் என்கிறோம். கிரெட்டாவின் முதல் ஆல்பத்தில் அந்த உரசல் இல்லை. உரசி முடிந்து மெருகேறிய ஒலி மட்டும் இருக்கிறது.

நம் கர்நாடக இசையில், ஜி.என்.பி.யிடம் கற்ற எம்.எல். வசந்தகுமாரியின் பாட்டில் ஜி.என்.பி. பாணி தெரிந்ததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பாணிக்குள் அவர் தனக்கென்று இடம் தேடிக்கொண்டதைக் கேட்டுத்தான் தலையாட்டினார்கள். ராக் ரசிகரும் அதையேதான் எதிர்பார்க்கிறார் என்று நினைக்கிறேன், அவருக்குச் சொல்லத் தெரிந்த வார்த்தை 'காப்பி' என்பதாக இருக்கிறது, அவ்வளவே.

இப்போது அந்த மூன்றாவது கருத்துக்கு வருகிறேன். மறுபடி போடத் தோணல என்கிறாரே, ஏன்?

செப்பலினின் 'பேப் ஐம் கோனா லீவ் யூ' பாட்டைக் கேளுங்கள். விரலால் மீட்டும் கிட்டாரும் தாழ்ந்த குரலும் தொடங்கும். திடீரென்று மொத்தக் குழுவும் மேலே விழும். மறுபடி எல்லாம் அடங்கி, அந்த ஒற்றைக் கிட்டார் மிஞ்சும். இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக ஏறத்தாழ ஏழு நிமிடம். ஜிம்மி பேஜ் இதை வெளிச்சமும் நிழலும் என்றே பேட்டிகளில் சொல்லிவந்தார். அந்தப் பாட்டின் பலம் உச்சத்தில் இல்லை, உச்சத்துக்கு முன்னால் இருக்கும் தாழ்வில் இருக்கிறது. 'ஆந்தம்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஏஜ் ஆஃப் மேன்' அப்படித்தான் நிதானமாகத் தொடங்குகிறது, நானும் ஒவ்வொரு தடவையும் ஆசையோடு நிமிர்ந்து உட்காருகிறேன். ஆனால் அந்தப் பொறுமை ஆல்பம் முழுக்க நீடிக்கவில்லை. ஜாஷ் பல பாட்டுகளில் முதல் வரியிலேயே உச்சிக்குப் போய்விடுகிறார், அப்புறம் போக இடமில்லை. 'யூ ஆர் த ஒன்' பாட்டில் கொஞ்சம் கீழே இறங்கிப் பாடும்போது அந்தக் குரலில் எவ்வளவு இளமையும் பிரியமும் இருக்கிறது என்று தெரிகிறது. அது மாதிரி இன்னும் நாலு இடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றைய மாஸ்டரிங் பழக்கமும் இதில் சேர்ந்துகொள்கிறது. அடுத்த பாட்டைவிடத் தன் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், தணிந்த இடங்களையெல்லாம் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்துவது தொண்ணூறுகளிலிருந்து வழக்கமாகிவிட்டது. இந்த ஆல்பத்திலும் அந்தக் கை பட்டிருக்கிறது என்றே என் காது சொல்கிறது. வாத்தியங்களின் நிறம் 1971, சத்தத்தின் அளவு 2018. பழைய ஆல்பங்களில் மெல்லிய இடம் வரும்போது நாமே ஸ்பீக்கர் பக்கம் சாய்வோம். இதில் சாயத் தேவையில்லாததால், கேட்பவர் பத்துப் பாட்டு முடிவதற்குள் களைத்துவிடுகிறார். களைப்பு என்று அவருக்குத் தெரியாது, பேண்டின் மேல் சலிப்பு என்று நினைத்துக்கொள்கிறார்.

அதனால்தான் நான் மிக்ஸ் செய்ததைப் போட்டுக் காட்டும்போது எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்பதில்லை. கேட்பவர் எந்த இடத்தில் போனைக் கையில் எடுக்கிறார் என்று பார்க்கிறேன். எந்த வரியில் அசையாமல் இருக்கிறார் என்று குறித்துக்கொள்கிறேன். கருத்து கேட்டால் கேட்பவர் தனக்குத் தெரிந்த பேண்டுகளின் பெயரைத்தான் சொல்வார். உடம்பு சொல்வது வேறு.

கிரெட்டா அதற்குப் பிறகு நின்றுவிடவில்லை. 2021இன் 'த பேட்டில் அட் கார்டன்ஸ் கேட்' ஆல்பத்தை கிரெக் கர்ஸ்டின் தயாரித்தார். பாட்டுகள் நீண்டன, சிலர் செப்பலினை விட்டுவிட்டு ரஷ் என்ற பேண்டின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்கள். 2023இன் 'ஸ்டார்கேச்சர்' ஆல்பத்தைத் தயாரித்தவர் டேவ் காப். ரைவல் சன்ஸ் பேண்டின் 2011 ஆல்பமான 'பிரஷர் அண்ட் டைம்' வழியாக இந்தப் பழைய ஒலியில் கைதேர்ந்தவர். 'ஸ்டார்கேச்சர்' ஆல்பத்தில் உள்ள 'மீட்டிங் த மாஸ்டர்' என்ற பாட்டைத்தான் இப்போது பேண்டுகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். அகூஸ்டிக் கிட்டாரோடு தொடங்கி, அவசரப்படாமல் ஏறி, கடைசிப் பகுதியில்தான் முழுக்க வெடிக்கிறது. குரல் வந்ததும் இன்னமும் பிளான்ட் பெயரைச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுக் கடைசிவரை கேட்கிறார்கள், சிலர் மறுபடி போடச் சொல்கிறார்கள்.