கார்ப்பெட், நெய், அம்மா கொடுத்த ராடு

மக்களே, கார்ப்பெட் க்ளீன் பண்ண வர்றவங்க "ஸ்டீம் க்ளீனிங்"னு சொன்னா நம்பாதீங்க. ஆவியெல்லாம் கிடையாது. சுடுதண்ணிய பீய்ச்சி, உடனே வேக்குவம்ல உறிஞ்சி எடுக்கறது, அவ்ளோதான். எனக்கு எப்படித் தெரியும்னா, 2007 ஆரம்பத்துல டொராண்டோவுல குளிர்காலம் முழுக்க அந்த வேலைதான் பார்த்தேன். ஊர்ல அம்மாகிட்ட சொன்னது "கம்ப்யூட்டர் வேலை".

முதலாளி யாழ்ப்பாணத்து அண்ணன். ஒரு வேன், ஒரு மெஷின், ஒரு எடுபிடி (அடியேன்). ராத்திரி வேன்லயே விட்டா பம்ப்புல தண்ணி உறைஞ்சு விரிசல் விட்டுடும்னு, மெஷின் அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்லதான் தூங்கும். என் ரூமை விட அங்கே கதகதப்பு ஜாஸ்தி.

ஜனவரியில ஒருநாள் ஸ்கார்பரோவுல ஒரு வீடு. மறுநாள் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். ஹால் கார்ப்பெட்ல ஒரு சட்டி நெய்யைக் கவுத்துட்டாங்க. வெளிய மைனஸ் 15. மெஷினை கராஜ்ல வச்சு, 50 அடி ஹோஸை உள்ள இழுத்துப் போட்டோம். வீட்டுக்காரங்க சுடுதண்ணிய செலவு பண்ணக்கூடாதுங்கறது அண்ணனோட கொள்கை. பச்சைத்தண்ணிதான் பிடிப்போம், மெஷின்லயே ஹீட்டர் இருக்கே.

பீய்ச்சினா ஐஸ் மாதிரி வருது. நெய் உருகறதுக்கு பதிலா வெள்ளையா உறைஞ்சு, நார் நாரா ஒட்டிக்கிச்சு. வீட்டுக்காரம்மா முகம் போன போக்கு! காசு வராது, போகட்டும். அந்தத் தெருவுல இருக்கற நாலு தமிழ் வீடும் போயிடும். எனக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலை, அதுவும் போயிடும்.

அப்பதான் என் மூளை வேலை செஞ்சுது. வேன்ல என் பைக்குள்ள அம்மா கொடுத்தனுப்பின வாட்டர் ஹீட்டர் ராடு! "குளிர் ஊருடா, குளிக்க வேணும்"னு பெட்டியில திணிச்சது. அடாப்டர் மாட்டி பக்கெட்ல போட்டேன். அரைமணி ஆச்சு, தண்ணி லேசாக்கூட வெதுவெதுன்னு ஆகல. அப்புறம்தான் உறைச்சுது. ராடு 230 வோல்ட்டுக்குப் பண்ணினது, இங்கே 120. வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட பாதியானா சூடு நாலுல ஒரு பங்குதான். 1500 வாட் ராடு 400 வாட்டா சுருங்கிப் போச்சு. ஒரு பக்கெட் காய மூணு மணி நேரம் ஆகும். அதையும் மெஷின் சொருகியிருந்த லைன்லயே சொருகியிருந்தேனா, பிரேக்கர் டப்புனு விழுந்து ஹாலே இருட்டு. (யாரும் இதைப் பண்ணிப் பார்க்காதீங்க சாமி, ஷாக் அடிச்சிருந்தா இந்தப் பதிவே இல்ல.)

"உமக்கென்ன விசரே?"ன்னார் அண்ணன்.

இருட்டுல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடற தண்ணிய ஒரு டிகிரி ஏத்த கிட்டத்தட்ட 70 வாட் வேணும். ஒரு சாதாரண ப்ளக் பாயின்ட்ல முழுசா உறிஞ்சினாலும் 1800 வாட்தான். அதாவது 25 டிகிரி ஏறும். வெயில் காலத்துல குழாய்த் தண்ணியே 20ல வரும், அதனால அண்ணன் கொள்கை ஓடிச்சு. ஜனவரியில ஒன்டாரியோ ஏரித் தண்ணி நாலோ அஞ்சோ. அதுல 25 கூட்டினாலும் 30. அதுலயும் பாதி கராஜ் சிமெண்ட் தரையில கிடக்கற ஹோஸ் தின்னுடும். ஹீட்டர் மேல தப்பே இல்ல!

"அண்ணே, கொள்கைய விடுங்க, அவங்க சுடுதண்ணிய கேட்போம்." கூச்சத்தோட கேட்டார். "எடுங்கோ, உதையெல்லாம் கேப்பினமே?"ன்னுச்சு அந்தம்மா. மெஷினை ஹாலுக்கே தூக்கிட்டு வந்தோம். ரெண்டு பேருக்கும் முதுகு போச்சு. ஹோஸை சுருக்கி, பழைய கம்பளிய சுத்தினோம். ஹோஸ்ல தேங்கின ஜில் தண்ணிய முதல்ல பக்கெட்ல பீய்ச்சிக் கொட்டினோம். ரெண்டு ஜெட்ல ஒண்ணை அடைச்சேன். தண்ணி மெதுவாப் போனா ஹீட்டர்கிட்ட கூடுதல் நேரம் நிக்கும்ல? சோப்பைத் தெளிச்சு பத்து நிமிஷம் ஊறவிட்டு பீய்ச்சினா, கார்ப்பெட்ல இருந்து புகை மாதிரி கிளம்புது. (அது நைலான், அதனால தைரியம். கம்பளின்னா இவ்ளோ சூடு ஆகாது.) உறிஞ்சின தண்ணி மேல மஞ்சளா நெய் மிதந்துச்சு பாருங்க, அதைப் பார்த்தப்ப வந்த சந்தோஷம் அப்புறம் எந்த ப்ராஜெக்ட் முடிச்சும் வரல.

ஞாயித்துக்கிழமை ஃபோன். "ராடு நல்லா காயுதா?"

"எங்கம்மா, வேலைக்கு எடுத்துட்டுப் போனேன், ஃபியூஸே போயிடுச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "கம்ப்யூட்டர் வேலைக்கு எதுக்குடா ராடு?"

எல்லாத்தையும் சொல்லிட்டேன். கார்ப்பெட், நெய், அண்ணன், ரெண்டு நாள் சம்பளம். அழுவாங்கன்னு நினைச்சேன்.

"நெய்ப் பாத்திரத்துக்கு சுடுதண்ணிதான் ஊத்தணும்னு இவ்ளோ படிச்சும் தெரியலையாடா உனக்கு?"